கணக்கு தெரியலையா? பேனாவை மூடாதீங்க!



டிசம்பர் 22 கணித மேதை இராமானுஜன் பிறந்த நாள். 2012-ஆம் ஆண்டு முதல் இந்த நாளைத் தேசியக் கணித தினமாகக் கொண்டாடுகிறோம். இந்த மாதச் சுவர் இதழுக்குக் கணக்கைப் பற்றி எழுதச் சொல்லி டீச்சர் என்னிடம் சார்ட் பேப்பர் கொடுத்தாங்க. இராமானுஜன் வரலாறும் 1729 கதையும் நம் எல்லோருக்கும் தெரியும். போன வருஷமும் அதைத்தான் ஒட்டினோம். அதனால் நான் வேறு ஒன்றை எழுதுகிறேன். இது இராமானுஜன் மாதிரி இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு.

கேள்வியைப் படித்தாச்சு. ஒண்ணுமே தோணலை. இப்போ என்ன செய்யறது?

இதுதான் என் கட்டுரையின் தலைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாய்பாடு தெரியும், சூத்திரம் தெரியும், கூட்டல் பெருக்கலும் வரும். ஆனால் எதில் ஆரம்பிப்பது என்று தெரியாது. அந்த இடத்தில்தான் நம்மில் பாதிப் பேர் பேனாவை மூடிவிட்டு "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிவிடுகிறோம்.

"எனக்குக் கணக்கு வராது" உண்மையா?

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்காங்க. பத்தாம் வகுப்பில் மற்ற எல்லாப் பாடமும் பாஸ். கணக்கில் மட்டும் 35 வரவில்லை. அதோடு வீட்டில் படிப்பை நிறுத்திட்டாங்க. இப்போது பூக்கட்டி விற்கிறாங்க. ஒரு முழம் 25 ரூபாய் என்றால் ஏழரை முழம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். "ஏழு முழம் நூத்தி எழுபத்தஞ்சு, அரை முழம் பன்னண்டரை, மொத்தம் நூத்தி எண்பத்தேழரை" என்று கை பூக்கட்டிக்கொண்டே இருக்கும்போது வாய் சொல்லிவிடும். பேப்பரும் வேண்டாம், பேனாவும் வேண்டாம்.

இவங்களுக்கா கணக்கு வராது? ஏழரையை ஏழு, அரை என்று பிரித்துப் போட்டாங்களே, அதுவே கணிதத்தில் பெரிய உத்தி. "பரீட்சையில கேள்வியைப் பார்த்ததும் ஒண்ணும் ஓடலை. பேப்பரை மடிச்சு வச்சிட்டு உட்கார்ந்திருந்தேன்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாங்க. கணக்கு தெரியாமல் போகவில்லை. ஒன்றும் ஓடாதபோது என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த வருஷம் நாமும் பத்தாம் வகுப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதைச் சொல்லித் தந்தவர்

ஜார்ஜ் போலியா என்பவர் ஹங்கேரி நாட்டில் புடாபெஸ்ட் நகரத்தில் பிறந்தவர். பிறந்த நாள் 1887 டிசம்பர் 13. நம் இராமானுஜன் ஈரோட்டில் பிறந்தது 1887 டிசம்பர் 22. ஒன்பது நாள்தான் வித்தியாசம்! இராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த பேராசிரியர் ஹார்டியை நமக்குத் தெரியும். அதே ஹார்டி, லிட்டில்வுட் இருவரோடும் சேர்ந்து போலியா 1934-இல் ஒரு கணித நூல் எழுதினார். இராமானுஜன் 32 வயதில் 1920-இல் மறைந்துவிட்டார். போலியா 97 வயது வரை, 1985 வரை வாழ்ந்தார்.

பிற்காலத்தில் போலியா அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். கணக்கை எப்படிப் போடுவது என்பதற்காகவே 1945-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் நான்கு படிகள் சொல்கிறார்.

1. கணக்கைப் புரிந்துகொள்.
2. வழி தேடு.
3. அந்த வழியில் போடு.
4. திரும்பிப் பார்.

பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது அல்லவா? ஆனால் நாம் எப்போதும் மூன்றாவது படியிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம். நான்காவது படிக்குப் போவதே இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உதாரணங்கள் எல்லாம் நம் ஊர் உதாரணங்கள்.

முதல் படி: புரிந்துகொள்

கேள்வியை ஒரு தடவை படித்தால் போதாது. இரண்டு தடவை படிக்க வேண்டும். பிறகு மூன்று கேள்விகளை நமக்கு நாமே கேட்க வேண்டும். என்ன கேட்டிருக்காங்க? என்ன கொடுத்திருக்காங்க? கொடுத்ததற்கும் கேட்டதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரு வயதுக் கணக்கு: தந்தையின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு. 12 ஆண்டுகள் கழித்துத் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் இரு மடங்கு ஆகும். இப்போது இருவரின் வயது என்ன?

இதை நம் பேச்சில் சொல்லிப் பாருங்கள். "அப்பாவுக்கு இப்போ பையனை மாதிரி மூணு பங்கு வயசு. பன்னண்டு வருஷம் போனா ரெண்டு பங்குதான் இருக்கும்." சொல்லும்போதே ஒன்று தெரியும். பன்னிரண்டு வருஷம் போனால் அப்பாவுக்கு மட்டுமா வயது கூடும்? பையனுக்கும்தானே!

மகன் வயதை ம என்று வைப்போம். (பாடப் புத்தகத்தில் எக்ஸ் என்று வைப்பார்கள். எந்த எழுத்து வைத்தாலும் விடை மாறாது.)

இப்போது: மகன் ம, தந்தை 3ம.
12 ஆண்டு கழித்து: மகன் ம + 12, தந்தை 3ம + 12.
ஆகவே 3ம + 12 = 2(ம + 12).
அதாவது 3ம + 12 = 2ம + 24. எனவே ம = 12.

மகன் வயது 12, தந்தை வயது 36. சமன்பாடு போட்டது ஒரு நிமிட வேலை. புரிந்துகொண்டதுதான் பெரிய வேலை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவங்க சொல்வது கிணற்றுக்கு மட்டும் இல்லை.

இரண்டாம் படி: வழி தேடு

இங்கேதான் நாம் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். புரிந்துவிட்டது, ஆனால் வழி தெரியவில்லை. அப்போது முயற்சி செய்ய ஆறு வழிகள் எழுதுகிறேன். ஒரு வழி சரிப்படாவிட்டால் அடுத்ததற்குப் போகலாம்.

(1) படம் போட்டுப் பார்

100 மீட்டர் நீளமுள்ள சாலையின் ஓர் ஓரத்தில் 10 மீட்டருக்கு ஒரு மரம் நட வேண்டும். இரண்டு முனையிலும் மரம் இருக்க வேண்டும். எத்தனை கன்று வாங்க வேண்டும்?

100-ஐ 10-ஆல் வகுத்து 10 என்று உடனே சொல்லத் தோன்றும். ஒரு கோடு போட்டுப் புள்ளி வைத்துப் பாருங்கள். இடைவெளிதான் 10. மரம் 11. ஒரு கன்று குறைவாக வாங்கிவிட்டு மறுபடி நர்சரிக்கு நடக்க வேண்டாம்! படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. ரஃப் நோட்டில் கிறுக்கினால் போதும்.

(2) ஒரு விடையை வைத்துப் பார்

ஒரு வீட்டில் ஆடும் கோழியும் இருக்கின்றன. மொத்தம் 20 தலை, 56 கால். ஆடு எத்தனை, கோழி எத்தனை?

வழி தெரியவில்லையா? சும்மா ஒன்றை வைத்துப் பார்ப்போம். ஆடு 10, கோழி 10 என்று வைத்தால் கால் 40 + 20 = 60. நமக்கு வேண்டியது 56. நான்கு கால் அதிகம். ஓர் ஆட்டை எடுத்துவிட்டு ஒரு கோழியை வைத்தால் இரண்டு கால் குறையும். எனவே இரண்டு ஆட்டை மாற்ற வேண்டும். ஆடு 8, கோழி 12. கால் 32 + 24 = 56. சரி!

பாருங்கள், முதலில் வைத்த விடை தப்புதான். ஆனால் அந்தத் தப்பு எவ்வளவு என்று பார்த்ததும் சரியான விடை கிடைத்துவிட்டது. அதனால் தப்பாக ஆரம்பிக்கப் பயப்பட வேண்டாம். எதுவும் எழுதாமல் இருப்பதைவிடத் தப்பாக ஒன்று எழுதிப் பார்ப்பது மேல். இதையே சமன்பாடு வைத்தும் போடலாம். இரண்டு வழியிலும் ஒரே விடை வரும்.

(3) பெரிய கணக்கைச் சின்னதாக்கு

இது எனக்கு ரொம்பப் பிடித்த வழி. இது மார்கழி மாதம். வாசலில் "15 புள்ளி, 8-இல் நிறுத்தவும், இடுக்குப் புள்ளி" என்று கோலம் போடுகிறோம். நடு வரிசையில் 15 புள்ளி. மேலேயும் கீழேயும் 14, 13, 12 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து 8-இல் நிற்கும். மொத்தம் எத்தனை புள்ளி?

எல்லாவற்றையும் உட்கார்ந்து எண்ண வேண்டாம். சின்னக் கோலத்திலிருந்து ஆரம்பிப்போம்.

1 புள்ளி மட்டும்: 1
3 புள்ளி, 2-இல் நிறுத்தினால்: 2 + 3 + 2 = 7
5 புள்ளி, 3-இல் நிறுத்தினால்: 3 + 4 + 5 + 4 + 3 = 19
7 புள்ளி, 4-இல் நிறுத்தினால்: 4 + 5 + 6 + 7 + 6 + 5 + 4 = 37

1, 7, 19, 37. எவ்வளவு கூடுகிறது? 6, 12, 18. எல்லாம் ஆறாம் வாய்பாடு! அப்படியானால் அடுத்து 24, 30, 36, 42 கூட வேண்டும். கூட்டினால் 61, 91, 127, 169. ஆகவே 15 புள்ளிக் கோலத்தில் 169 புள்ளிகள்.

ஏன் ஆறு ஆறாகக் கூடுகிறது? நடுப் புள்ளியிலிருந்து பாருங்கள். அதைச் சுற்றி 6 புள்ளி. அதைச் சுற்றி 12. அதைச் சுற்றி 18. கோலத்தின் வெளி உருவம் அறுகோணம். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புள்ளி கூடும். ஆறு பக்கம், அதனால் ஆறு புள்ளி. தினமும் வாசலில் வரைகிறோம், உள்ளே ஆறாம் வாய்பாடு உட்கார்ந்திருக்கிறது!

வேறு வழியிலும் சரிபார்க்கலாம். 8 முதல் 14 வரை கூட்ட வேண்டும். முதலும் கடைசியும் 8 + 14 = 22. அடுத்து 9 + 13 = 22. அடுத்து 10 + 12 = 22. நடுவில் 11. மொத்தம் 77. மேலே 77, கீழே 77, நடுவில் 15. கூட்டினால் 169. சரியாக வந்துவிட்டது. ஜெர்மனியின் கணித மேதை காஸ் சின்னப் பையனாக இருந்தபோது 1 முதல் 100 வரை இப்படி ஜோடி சேர்த்து 5050 என்று உடனே சொன்னதாக ஒரு கதை உண்டு.

ஓர் எச்சரிக்கை: நாலைந்து எண்களைப் பார்த்து "இப்படித்தான் போகும்" என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் கோடு போட்டுச் சேருங்கள். மூன்று கோடுகள் உள்ளே ஒரே இடத்தில் வெட்டக் கூடாது. வட்டம் எத்தனை துண்டாகிறது? 1 புள்ளிக்கு 1, 2 புள்ளிக்கு 2, பிறகு 4, 8, 16. ஆறாவது புள்ளிக்கு 32 என்றுதானே சொல்வீர்கள்? எண்ணிப் பாருங்கள், 31தான் வரும்! அதனால்தான் கோலத்தில் "ஏன் ஆறு?" என்று காரணமும் பார்த்தேன். காரணம் தெரிந்தால்தான் முழுசாக நம்பலாம்.

(4) பின்னாலிருந்து வா

நம் பாட்டிமார் கேட்கும் விடுகதைக் கணக்கு இது. ஒருவர் கொஞ்சம் பூ எடுத்துக்கொண்டு மூன்று கோயிலுக்குப் போகிறார். ஒவ்வொரு கோயில் குளத்திலும் பூவை நனைத்தால் இரண்டு மடங்காகும். ஒவ்வொரு கோயிலிலும் 8 பூ வைத்துக் கும்பிடுகிறார். மூன்றாவது கோயிலில் கையில் ஒரு பூவும் மிச்சமில்லை. முதலில் எத்தனை பூ கொண்டுபோனார்?

முன்னாலிருந்து போனால் தலை சுற்றும். கடைசியிலிருந்து வாருங்கள். மூன்றாவது கோயிலில் மிச்சம் 0. வைத்தது 8. நனைப்பதற்கு முன் பாதி, அதாவது 4. அந்த 4 இரண்டாவது கோயிலில் மிச்சமானது. வைத்த 8-ஐச் சேர்த்தால் 12. பாதி 6. அந்த 6 முதல் கோயிலின் மிச்சம். 8-ஐச் சேர்த்தால் 14. பாதி 7. விடை 7 பூ.

முடிவு தெரிந்து ஆரம்பம் தெரியாத கணக்கு என்றால் இந்த வழியை நினையுங்கள். பின்னால் வரும்போது கூட்டல் கழித்தலாகும், பெருக்கல் வகுத்தலாகும்.

(5) தெரிந்த கணக்காக மாற்று

ஐங்கோணத்தின் உள்கோணங்களின் கூடுதல் என்ன? ஐங்கோணம் பற்றி ஒன்றும் ஞாபகம் இல்லை என்று வையுங்கள். என்ன ஞாபகம் இருக்கிறது? முக்கோணம் என்றால் 180 டிகிரி. சரி, ஐங்கோணத்தை முக்கோணமாக வெட்ட முடியுமா? ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைகளுக்கு இரண்டு கோடு போட்டால் மூன்று முக்கோணம். 3 × 180 = 540 டிகிரி. முடிந்தது.

போலியா சொல்கிற ஒரு முக்கியமான கேள்வி இது: இதைப் போல வேறு கணக்கு முன்பே போட்டிருக்கிறாயா? புதுக் கணக்கு என்று நினைப்பது பல நேரம் பழைய கணக்குதான். வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கும்.

(6) மறுபக்கத்திலிருந்து பார்

பொங்கலுக்கு நம் ஊரில் கபடிப் போட்டி நடக்கிறது. 37 அணிகள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாக்-அவுட் போட்டி. தோற்ற அணி வெளியே போய்விட வேண்டும். ஜோடி இல்லாத அணிக்கு அந்தச் சுற்றில் பை. ஆட்டத்தில் சமன் கிடையாது. கோப்பை யாருக்கு என்று தெரிய மொத்தம் எத்தனை ஆட்டம் நடத்த வேண்டும்?

பையன்கள் சுற்றுச் சுற்றாகப் போட்டார்கள். முதல் சுற்றில் 18 ஆட்டம், ஓர் அணிக்கு பை. அடுத்து 19 அணிக்கு 9 ஆட்டம். அடுத்து 10 அணிக்கு 5. அடுத்து 5 அணிக்கு 2. அடுத்து 3 அணிக்கு 1. கடைசியில் 1. கூட்டினால் 36.

இப்போது ஜெயிப்பவரை விட்டுவிட்டுத் தோற்பவரைப் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் ஓர் அணி வெளியே போகும். ஓர் அணி மட்டும் மிஞ்ச வேண்டும் என்றால் 36 அணிகள் வெளியே போக வேண்டும். எனவே 36 ஆட்டம். அவ்வளவுதான்! 500 அணி வந்தாலும் 499 என்று நின்ற இடத்தில் சொல்லிவிடலாம்.

மூன்றாம் படி: போடு

வழி கிடைத்த பிறகு அவசரப்படக் கூடாது. ஒவ்வொரு வரியையும் எழுதும்போது "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சமக்குறி நேராக வர வேண்டும். ஓரத்தில் சின்னதாகக் கூட்டி எழுதினால் அதை அடிக்காமல் வைத்திருங்கள். தப்பு எங்கே என்று தேட உதவும். மீட்டரும் சென்டிமீட்டரும் கலந்திருந்தால் முதலிலேயே ஒன்றாக்கிவிட வேண்டும்.

பாதியில் நின்றுவிட்டால்? அந்த வழியை விட்டுவிட்டு இரண்டாம் படிக்கே திரும்பிப் போகலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கணித மேதைகளும் அப்படித்தான் செய்கிறார்கள். சில நேரம் கணக்கை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனால் குடம் நிரம்பும்போது வழி தோன்றும். ஆனால் கொஞ்ச நேரமாவது அதோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும். ஒன்றுமே யோசிக்காமல் மூடி வைத்தால் ஒன்றும் தோன்றாது. கைடைப் பார்த்து எழுதினால் நோட்டு நிரம்பும், தலை நிரம்பாது.

நான்காம் படி: திரும்பிப் பார்

விடை வந்தவுடன் அடியில் இரண்டு கோடு போட்டு நோட்டை மூடிவிடுகிறோம். போலியா இங்கேதான் இன்னும் கொஞ்சம் நில் என்கிறார்.

முதல் வேலை, விடையைக் கேள்வியிலேயே போட்டுப் பார்ப்பது. வயதுக் கணக்கில் மகன் 12, தந்தை 36. மூன்று மடங்கு, சரி. 12 ஆண்டு கழித்து 24, 48. இரு மடங்கு, சரி. ஒருவேளை மகனுக்கு 12-ஐக் கூட்ட மறந்து 3ம + 12 = 2ம என்று எழுதியிருந்தால் ம = −12 என்று வரும். மைனஸ் 12 வயதுப் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? விடையே "நான் தப்பு" என்று கத்துகிறது. நாம்தான் காது கொடுப்பதில்லை.

இரண்டாவது வேலை, விடை நடக்கக்கூடியதா என்று பார்ப்பது. தண்ணீர்க் குடத்தின் கொள்ளளவு 4,000 லிட்டர் என்று வந்தால் அந்தக் குடத்தை யார் இடுப்பில் தூக்குவது?

மூன்றாவது வேலை, இந்த வழி வேறு எதற்கு உதவும் என்று கேட்பது. ஐங்கோணத்துக்கு மூன்று முக்கோணம் என்றால் எண்கோணத்துக்கு ஆறு. 6 × 180 = 1080 டிகிரி. ஒரு கணக்குப் போட்டோம், பல கணக்குகளுக்கு விடை கிடைத்தது.

உங்களுக்குத் தெரியுமா?

கணக்கதிகாரம் என்று தமிழில் ஒரு பழைய கணித நூல் உண்டு. எழுதியவர் காரி நாயனார். பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளின் எண்ணிக்கையைச் சொல்ல அதில் ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுக்க வேண்டும். எல்லாப் பழத்துக்கும் இது சரியாக வருமா? பழம் கிடைக்கும்போது முதலில் கணக்குப் போடுங்கள். பிறகு வெட்டி எண்ணுங்கள். பிறகு சாப்பிடுங்கள். பெரியவர்கள் எழுதியதாக இருந்தாலும் சரிபார்ப்பதுதான் கணிதம்.

பரீட்சை ஹாலில்

கேள்வித்தாளைப் படிக்கத் தரும் நேரத்தில் முழுசாகப் படியுங்கள். தெரிந்ததை முதலில் போடுங்கள். தெரியாத கேள்வியை வெறுமையாக விடாதீர்கள். கொடுத்தவற்றை எழுதுங்கள், படம் போடுங்கள், சமன்பாடு வரை வந்தால் அதையும் எழுதுங்கள். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் மார்க் உண்டு. வெறும் தாளுக்கு எந்த டீச்சராலும் மார்க் போட முடியாது. இரண்டு கேள்வியில் இப்படிக் கிடைக்கும் நாலைந்து மார்க், 31-ஐ 35 ஆக்கிவிடும். சில வீடுகளில் அந்த நாலு மார்க்கில்தான் ஒரு பெண் பதினொன்றாம் வகுப்புக்குப் போவதும் போகாததும் இருக்கிறது.

தோழிகளே, தோழர்களே, அடுத்த தடவை வகுப்பில் "எனக்குத் தெரியாது டீச்சர்" என்று எழுந்து நிற்பதற்குப் பதிலாக "இது வரைக்கும் புரியுது டீச்சர், இதுக்கு மேலே போகலை" என்று சொல்லிப் பாருங்கள். டீச்சர் எந்த இடத்தில் உதவ வேண்டும் என்று அவங்களுக்கும் உடனே தெரியும்.

மூளைக்கு வேலை

1. 30 அடி ஆழக் கிணற்றின் அடியில் ஒரு தவளை. பகலில் 3 அடி ஏறும், இரவில் 2 அடி சறுக்கும். எத்தனையாவது நாள் மேலே வரும்? (படம் போடுங்கள். 30 என்று சொல்லாதீர்கள்!)

2. ஒரு மரக்கட்டையை 5 துண்டாக அறுக்க வேண்டும். ஒரு தடவை அறுக்க 3 நிமிடம். மொத்தம் எத்தனை நிமிடம்?

3. ஒரு பாட்டி கூடையில் மாம்பழம் கொண்டுவந்தார். முதல் பேத்திக்குப் பாதியும், கூட ஒன்றும் கொடுத்தார். மீதியில் பாதியும், கூட ஒன்றும் இரண்டாம் பேத்திக்கு. அதன் மீதியில் பாதியும், கூட ஒன்றும் மூன்றாம் பேத்திக்கு. கடைசியில் பாட்டிக்கு ஒரு பழம். கூடையில் இருந்தவை எத்தனை? (பின்னாலிருந்து வாருங்கள்.)

4. 21 புள்ளி, 11-இல் நிறுத்தவும், இடுக்குப் புள்ளி. மொத்தப் புள்ளிகள் எத்தனை?

விடைகள் (சார்ட்டின் அடியில் தலைகீழாக எழுதியிருக்கிறேன். போட்டுப் பார்த்த பிறகு குனிந்து பார்க்கவும்!): 1) 28-ஆவது நாள். 2) 12 நிமிடம். 3) 22 பழம். 4) 331 புள்ளிகள்.

வேறு வழியில் போட்டவர்கள் ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தால் அடுத்த மாதச் சுவர் இதழில் ஒட்டுகிறேன். விடையைவிட வழிதான் வேண்டும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி